கலும்பாங்காரருக்கு மெஷின் வேண்டுமா?

ஒரு மனிதர் சாகப்போகிறார் என்று சொல்லும் கடிதத்தை அவரிடமே கொண்டுபோய், "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று நீட்டும் துணிச்சல் நல்லசாமி ஒருவருக்குத்தான் வரும்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. கோலசிலாங்கூர் போகும் சாலையோரம் இருக்கும் அந்தத் தாமான் குடியிருப்பின் நூற்றுப் பத்து வீட்டுக்காரர்களும் பழைய எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷனிலிருந்து பெயர்ந்து வந்தவர்கள். லய வீடுகளை இடித்தபோது சனங்கள் சட்டி பானை, சாமி படங்களோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரு கடிதம் வந்தால் அதைத் தோட்ட ஆபீசில் எழுத்தராக இருந்த கிராணி அர்ஜுனன்தான் படிக்க வேண்டும். இன்று பிள்ளைகள் பட்டம் வாங்கிவிட்டார்கள்; கைப்பேசியே மொழிபெயர்த்துவிடுகிறது. இருந்தாலும் பழுப்பு உறை ஒன்று கைக்கு வந்துவிட்டால் தாமான்வாசிகளின் கால்கள் தாமாகவே பதினேழாம் நம்பர் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

கிராணி கடிதம் படிப்பதில் ஒரு முறை உண்டு. முதலில் தனக்குள் படித்துவிடுவார். நல்ல சேதி என்றால் உடனே சொல்லிவிடுவார். கெட்ட சேதி என்றால் கண்ணாடியைக் கழற்றி, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால் மனைவி குமுதாவைக் கூப்பிட்டு எதையாவது கொடுக்கச் சொல்லுவார். வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் கடிதம் வாசிக்கப்படும். வெறும் வயிற்றில் யாரும் கெட்ட சேதி கேட்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இதனால் கிராணி சும்மா, அன்பாக, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாலே ஆட்கள் உட்கார நாற்காலி தேடுவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை நல்லசாமி வந்தார். கோயில் கமிட்டித் தலைவர். எப்போதும் சட்டமாக நாற்காலியில் சாய்ந்து உட்காருபவர், அன்று நுனியில் உட்கார்ந்தார்.

"கிராணியாரே, ஒரு லெட்டரு. நமக்கு இல்ல. கலும்பாங்குல நம்ம சொந்தக்காரரு ஒருத்தரு இருக்காரு. அவருக்கு வந்தது."

அர்ஜுனன் இருமி முடித்துவிட்டுக் கடிதத்தை வாங்கினார். இருமல் மூன்று மாதமாக இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். "சளிதான் பா. மருந்து குடிச்சா சரியாயிரும்" என்று மகன் ரவீந்திரன் சொல்லியிருந்தான். சொல்லும்போது அவன் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னது மட்டும் அவருக்கு இடித்தது.

கடிதத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டை வழியாக நல்லசாமியின் சட்டைப் பொத்தான் தெரிந்தது.

"இங்க என்னய்யா ஓட்டை?"

"எலி கடிச்சிருச்சு போல."

"கலும்பாங் எலி ரூல் தடி வெச்சுத்தான் கடிக்குமோ?"

நல்லசாமி வாசலில் போன பூனையைப் பார்த்தார்.

அர்ஜுனன் கடிதத்துக்குள் போனார். பெயரை வெட்டிய கை, அதற்கு அடுத்த வரியை விட்டுவிட்டிருந்தது. அடையாள அட்டையிலுள்ள ஐசி எண். ஊரிலுள்ள எல்லாருடைய ஐசி எண்ணையும் முப்பத்து நான்கு வருடம் விண்ணப்பப் பாரங்களில் எழுதிக்கொடுத்தவருக்குத் தன்னுடையது தெரியாமல் போகுமா? வயது எழுபத்திரண்டு. ஆண். முன்னாள் தோட்ட கிராணி.

நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது. இனி மருந்தால் திரும்பாது. மாதக் கணக்கில்தான் காலம் இருக்கிறது. மூச்சு நிற்கும் நிலை வந்தால் தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் வைப்பதா, வலியும் திணறலும் தெரியாமல் பார்த்துக்கொண்டு இயற்கையாகப் போக விடுவதா என்று பேச, வெள்ளிக்கிழமை வரவும்.

'மாதங்கள்' என்ற சொல்லை அவர் இரண்டு முறை படித்தார். வருடம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சாப்பிட்டாச்சா நல்லசாமி?"

நல்லசாமியின் முகம் இருண்டது. "சாப்பிட்டேன் கிராணியாரே. நாலு இட்லி."

அர்ஜுனன் அந்த ஆங்கிலத்தை ஒரு வரி விடாமல் தமிழில் படித்துக் காட்டினார். குரல் எங்கேயும் உடையவில்லை. 'இது நான்தானே' என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதிரில் இருந்த மனிதன் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தான். அதோடு, அந்த நோயாளி கலும்பாங்கில் இருக்கிற வரைக்கும் இந்த இருமலும் கொஞ்சம் தூரத்தில் இருப்பது போலத் தோன்றியது. இரண்டு நாள் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டுமே!

"அந்தாளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. தெரியவே கூடாதுன்னு அவரு மகன் கால்ல விழாத குறையா சொல்லியிருக்கான். லெட்டர வீட்டுல வெச்சா பாத்துருவாருன்னு எங்கிட்ட குடுத்து வெச்சிருக்கான். அவன் போன்ல போட்டுப் பாத்தானாம், 'குழாய் அடைப்பு வேலைக்கு ஒப்புதல்'னு வந்துச்சாம். அதான் சரியா தெரிஞ்சிக்கலாம்னு..."

"சரியான ஆள்கிட்டதான் வந்திருக்க."

"மெஷின் வேணாம்னு சொன்னா அது கருணைக்கொலை தானே கிராணியாரே?"

"இல்லய்யா. சாகடிக்கணும்னு ஊசி போடுறதுதான் அது. நம்ம நாட்டுச் சட்டம் அதை ஒத்துக்காது. அந்த ஊசிய நோயாளி தானே போட்டுக்க எடுத்துக் குடுத்தாலும் குத்தம்தான். குழாய் வேணாம்னு நோயாளி சொல்றது வேற."

"வேறதான். ஆனா ஆளு செத்துருவாருல்ல?"

"மெஷின் வெச்சாலும் சாவாருய்யா. கொஞ்சம் மெதுவா."

நல்லசாமி எழுந்தார். "இது நம்ம ரெண்டு பேரு பேசி முடிக்கிற விஷயம் இல்ல. கமிட்டில வெக்கணும்."

ஒரு மனிதனின் மூச்சைக் கமிட்டியில் வைப்பது அந்த ஊரில் புதிதல்ல. போன வருடம் கோயில் கழிப்பறைக்கு எந்த நிறத்தில் கதவு போடுவது என்பதையே மூன்று கூட்டம் பேசினார்கள்.

அவசரக் கூட்டம் புதன்கிழமை காலை கிஃபாயத்துல்லாவின் சாப்பாட்டுக் கடையில் கூடியது. கோயில் மண்டபத்தில் காற்றாடி வேலை செய்யாவிட்டால் கூட்டம் அங்கேதான். ஒன்பது உறுப்பினர்கள், ஒன்பது கிளாஸ் தே தாரேக். செயலாளர் என்ற முறையில் அர்ஜுனனும் கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒருவர் சிகரெட்டை அவசரமாக அணைத்தார். இருபது வருடமாக அவரோடு பேசாத ஒருவர், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தலைவர் பிரச்சினையை எடுத்துரைத்தார். கலும்பாங்கில் ஓர் அன்பர். நல்ல மனுஷர். தங்கமான மனுஷர்.

சேது முதலில் எழுந்தான். வக்கீல் ஒருவருக்குப் பன்னிரண்டு வருடம் கார் ஓட்டியவன். ஆகவே சட்டம் தெரிந்தவன். "மெஷின் வேணாம்னு சொன்னா அது தற்கொலை லா. தற்கொலைக்கு முயற்சி பண்ணா உள்ள தள்ளிருவான்."

"அந்தச் சட்டத்தை எடுத்து ரெண்டு மூணு வருஷம் ஆச்சு" என்றார் அர்ஜுனன், எழுதிக்கொண்டே.

"எடுத்துட்டானா? யாரைக் கேட்டு எடுத்தான்?"

"உன்னைத்தான் தேடுனாங்களாம். நீ கார் ஓட்டிக்கிட்டு இருந்தியாம்."

பொருளாளர் செருமினார். "எனக்கு ஒரு சின்ன யோசனைதான். அடுத்த மாசம் தீமிதி. இந்த நேரத்துல இங்க... அதாவது கலும்பாங்குல ஒரு சாவு விழுந்தா, காப்பு கட்டுனவங்க பாடு என்ன ஆகுறது? அந்த மெஷின், திருவிழா முடியிற வரைக்கும் தாங்குமா?"

"கலும்பாங் சாவுக்கு நம்ம கோயில் தீமிதி ஏன் நிக்கணும்?" என்று அர்ஜுனன் தலையைத் தூக்காமல் கேட்டார்.

பொருளாளர் தேத்தண்ணியில் மூழ்கிப்போனார்.

மெஷின் வேண்டும் என்றவர்கள், உயிர் கடவுள் கொடுத்தது, அதை மனுஷன் நிறுத்தக் கூடாது என்றார்கள். வேண்டாம் என்றவர்களும் உயிர் கடவுள் கொடுத்தது, அதை மனுஷன் இழுத்துப் பிடிக்கக் கூடாது என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டதால் சத்தம்தான் கூடியது. ஒருவர் தன் மச்சினன் மெஷினில் இருந்து எழுந்து வந்து இப்போது வாழைத்தோட்டம் போட்டிருப்பதாகச் சொன்னார். அவனுக்கு வந்தது மோட்டார் சைக்கிள் விபத்து என்று இன்னொருவர் சொன்னார். "மெஷின் மெஷின்தானே!" என்று மூன்றாமவர் மேசையைத் தட்டினார்.

எண்ணெய் வடியும் ரொட்டி சானாய் வைக்க வந்த கிஃபாயத்துல்லா தட்டோடு நின்றார். "எல்லாரும் தப்பா நினைக்காதீங்க. நான் உங்க கமிட்டியும் இல்ல, உங்க கோயிலும் இல்ல. எங்க கடையில ஒருத்தருக்கு ரொட்டி வேணுமா தோசை வேணுமான்னு அவருகிட்டத்தான் கேப்போம். அந்தக் கலும்பாங் ஆள யாராச்சும் கேட்டீங்களா?"

ஒன்பது பேரும் அவரை, மசூதியில் செருப்போடு நுழைந்தவரைப் போலப் பார்த்தார்கள்.

"அவருக்கு விஷயம் தெரிஞ்சா மனசு உடைஞ்சிரும் பாய்" என்றார் நல்லசாமி. "அவரு நிம்மதியா இருக்கட்டும்."

"நிம்மதியாத்தான் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே பாய் இரண்டு ரொட்டியைத் தலைவரைத் தாண்டி அர்ஜுனன் முன்னால் வைத்தார். குமுதா மூன்று மாதமாக அவருக்கு எண்ணெய்ப் பதார்த்தம் கண்ணில் காட்டியதில்லை. அர்ஜுனன் பேசாமல் பிய்த்துச் சாப்பிட்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். மெஷினுக்கு ஆறு கை. வேண்டாம் என்று இரண்டு. செயலாளரின் கை எழுதிக்கொண்டிருந்தது.

"எழுதிட்டீங்களா கிராணியாரே?"

"கலும்பாங் அன்பருக்கு மெஷின் வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று வாசித்தார்.

"ஆறுக்கு ரெண்டு எப்படி லா ஏகமனது?" என்றான் சேது.

"நம்ம கமிட்டில இதுவரைக்கும் வேற மாதிரி எழுதுனதே இல்லியேப்பா."

கூட்டம் கலைந்தது. தன் சாவு பற்றிய தீர்மானத்தின் கீழே செயலாளர் என்று கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதி, புத்தகத்தை மூடித் தலைவரிடம் கொடுத்துவிட்டு அர்ஜுனன் வீட்டுக்கு நடந்தார். நூறு அடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பின்னாலேயே இருபது அடி தள்ளி நல்லசாமி வந்துகொண்டிருந்தார். அர்ஜுனன் திரும்பினால் அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். அந்தச் செருப்பில் வார் ஒன்றும் அறுந்திருக்கவில்லை.

அன்று மத்தியானம் குமுதா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். விசிறியைத் தேவையில்லாமல் அசைத்தாள்.

"என்னங்க, நல்லசாமி அண்ணன் சொன்னாரு. கலும்பாங்குல யாரோ..."

"ம்."

"அந்தாளு பொண்டாட்டி என்ன பண்ணணும்ங்க?"

அர்ஜுனன் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். நாற்பத்தாறு வருடம் அவரோடு வாழ்ந்தவள் யாரோ ஒருத்தியைச் சாக்கு வைத்து, அழாமல் கேட்கிறாள்.

"புனிதனை ஞாபகம் இருக்கா?"

இருக்காமலா? எஸ்டேட் லோரி டிரைவர். அர்ஜுனனின் கூட்டாளி. எட்டு வருடத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி பாரத்தை அவன் மனைவி இவரிடம்தான் கொண்டு வந்தாள். 'உயிரைக் காப்பாத்தத்தான், போடும்மா' என்று இவர்தான் இடத்தைக் காட்டினார். அவள் பெருவிரலை அழுத்தினாள். புனிதன் நாற்பத்தொரு நாள் கிடந்தான். குழாயைப் பிடுங்கிவிடுவான் என்று இரண்டு கையையும் கட்டிலில் கட்டிவைத்திருந்தார்கள். அர்ஜுனன் பார்க்கப் போகும்போதெல்லாம் கண்ணை மட்டும் உருட்டிக் கட்டைக் காட்டுவான். அவிழ்த்துவிடு என்கிறான் என்று இவருக்குப் புரியும். புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவார்.

"அந்த மெஷினால பொழச்சவங்களும் இருக்காங்க. பொழைக்கிற நோயின்னா கட்டிப்போட்டாலும் வெக்கலாம்" என்றார் அர்ஜுனன். "இவனுது பொழைக்கிற நோயி இல்ல. அந்தக் கலும்பாங்காரனுக்கு என்ன ஆசைன்னா, சன்னலுக்குப் பக்கத்துல கட்டிலு. கை ரெண்டும் சும்மா கிடக்கணும். மூச்சு திணறாம இருக்க டாக்டரு குடுக்குற மருந்து. பக்கத்துல அவன் பொண்டாட்டி. அவ்வளவுதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அவருக்கு என்ன ஆசைன்னு?"

"லெட்டர்ல இருந்துச்சு."

குமுதா விசிறியை வைத்தாள். "அந்தம்மா வேணாம்னு கையெழுத்துப் போட்டா, ஊரு நாளைக்குப் புருஷனக் கொன்னவளுன்னு சொல்லுமே."

"அந்தம்மா எதுக்குப் போடணும்? அந்தாளுக்குக் கை இல்லியா?"

அவள் அவர் கையைப் பார்த்தாள். ரசத்தில் நனைந்து தட்டில் கிடந்தது. சட்டென்று எழுந்து, "மோரு எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனவள், மோர் எடுக்கிறதுக்கு ஆகிற நேரத்தைவிட ரொம்ப நேரம் கழித்து வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நல்லசாமி தன் காரோடு வாசலில் நின்றார். இரண்டாவது தடவையாக ஊரில் யாருக்கும் வராத யோசனை அவருக்கு வந்திருந்தது.

"கிராணியாரே, கலும்பாங்காரர் வீட்டு ஆளுங்க ஆஸ்பத்திரில டாக்டரப் பாக்குறாங்க. அந்த டாக்டரு பேசுற இங்கிலீசு அதுங்களுக்கு எங்க புரியப் போவுது? நீங்க கூட வந்து எடுத்துச் சொன்னா புண்ணியமாப் போவும்."

"கிஃபாயத்துல்லா கடைல நிறுத்து. அங்க பசியாறிட்டுப் போவோம்."

பசியாறிவிட்டுத்தான் போனார்கள். ஆஸ்பத்திரியில் ரவீந்திரன் தான் வேலை பார்க்கும் செரண்டா தொழிற்சாலையின் சட்டையோடு அம்மாவை அழைத்துக்கொண்டு நின்றிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் கையிலிருந்த மோட்டார் சைக்கிள் சாவி கீழே விழுந்தது.

"தலைவரே, என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்க!" என்று பல்லைக் கடித்தான்.

"படிக்கிறதுக்கு ஆளு வேணும்ல தம்பி?" என்றார் நல்லசாமி. சொல்லி முடித்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே உறைத்தது. முகம் தேத்தண்ணி வடிகட்டிய துணி போல ஆனது.

அதற்குள் கதவு திறந்து நர்ஸ் எல்லாரையும் உள்ளே தள்ளிவிட்டாள்.

டாக்டர் தனுஜா சின்னப் பெண். முப்பது வயது இருக்கலாம். கோப்பைத் திறந்தாள். "ஐயா, உங்களுக்கு எல்லாம் விளக்கமா சொல்லிட்டாங்கதானே?"

ரவீந்திரன் முந்திக்கொண்டான். "டாக்டர், இது வந்து கலும்பாங் அங்கிள் கேஸ்."

டாக்டர் கோப்பைப் புரட்டினாள். முன்பக்கம், பின்பக்கம். "கலும்பாங்கா? இங்க கலும்பாங் யாரு?"

"நான்தான் டாக்டர்" என்றார் அர்ஜுனன். "திங்கட்கிழமைல இருந்து அங்கதான் இருக்கேன்."

குமுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ரவீந்திரன் சுவரைப் பார்த்தான். அங்கே காலண்டர் இல்லை.

நல்லசாமிதான் கடமை தவறாமல் மினிட் புத்தகத்தை மேசையில் விரித்தார். "டாக்டர், இது சம்பந்தமா எங்க கமிட்டி ஒரு தீர்மானம் போட்டிருக்கு. ஏகமனதா."

டாக்டர் அதை ஒரு கணம் பார்த்தாள். "ஐயாவுக்கு நினைவு தெளிவா இருக்கு. இது அவர் உடம்பு. அவர் சொல்றதுதான். இதுல கமிட்டிக்கு என்ன வேலை?"

கமிட்டிக்கு வேலையில்லாத ஓர் இடம் இந்த உலகத்தில் இருக்கிறது என்பதை நல்லசாமி தன் அறுபத்து மூன்றாவது வயதில் முதல் தடவையாகக் கேள்விப்பட்டார். புத்தகத்தை மெல்ல மூடினார்.

"பா, இதுக்கு ஒத்துக்கிட்டா நானே உங்களச் சாகடிச்ச மாதிரி பா" என்றான் ரவீந்திரன். நாற்பது வயது ஆளின் குரல் பத்து வயதுக்கு இறங்கியிருந்தது. "நாலு பேரு கேப்பாங்க."

"நாலு பேரு இல்லடா, ஆறு பேரு. கை தூக்குனத நான்தானே எண்ணுனேன்." அர்ஜுனன் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ சாகடிக்கல. நோயிதான் சாகடிக்குது. புனிதன் மாமாவ நீயும்தானே வந்து பாத்த? அந்தக் கண்ணு ஞாபகம் இருக்கா, இல்லியா?"

ரவீந்திரனின் ஒரு கை மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இருக்கிறது என்று தெரிந்தது.

டாக்டர் மலாயில் அச்சடித்த இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். குழாயும் மெஷினும் வேண்டாம், மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மருந்து வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் மனதை மாற்றிக்கொள்ளலாம் என்றாள். "நிதானமாப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க ஐயா. நான் பத்து நிமிஷத்துல வரேன்."

அர்ஜுனன் வழக்கப்படி சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். எடுத்தார். பிறகு அதை மாட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டு, தாள்களை மகன் பக்கம் தள்ளினார்.

"நீ படி."

"பா..."

"ஊருக்கெல்லாம் நான்தான் படிச்சேன். எனக்கு வந்ததையும் நானே படிச்சிக்க வேண்டியதாப் போச்சு. அதுதான்டா எனக்குக் கஷ்டமாப் போச்சு, வேற ஒண்ணுமில்ல. இதையாச்சும் யாராச்சும் எனக்குப் படிச்சுச் சொல்லுங்க."

ரவீந்திரன் தாள்களை எடுத்தான். முதலில் தனக்குள் படித்தான். உதடுகள் மட்டும் அசைந்தன. இரண்டாம் தாளின் அடியில் கையெழுத்துப் போடுவதற்கான கோடு வரைக்கும் வந்து நின்றான். அந்தக் கோட்டுக்கு மேலே முழுப் பெயர் அச்சாகியிருந்தது. யாரும் வெட்டியிருக்கவில்லை.

அவன் தலையைத் தூக்கினான். கண் கலங்கியிருந்தது. ஆனால் இந்தத் தடவை அப்பாவை நேராகப் பார்த்துத்தான் கேட்டான்.

"பா... சாப்பிட்டாச்சா?"

அர்ஜுனன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு ரொட்டி சானாய், பருப்புக் கறி ஊத்தி" என்றார். "உங்கம்மாகிட்ட சொல்லிராத. நீ படி."